கரை இருந்தும் கடல் எட்டாத ஊர்கள்

2009 ஜனவரியில் ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையில் ஒரு வீதியைக் கையளித்தார்கள். இந்தியா போட்டுக் கொடுத்த வீதி அது. நீளம் சுமார் 215 கிலோமீற்றர், செலவு ஏறத்தாழ 600 கோடி இந்திய ரூபா. அன்றைய இந்திய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி அதை ஆப்கான் அரசிடம் ஒப்படைத்தார். கடல் இல்லாத நாட்டுக்குக் கடலுக்குப் போக இன்னொரு வழி திறந்துவிட்டது என்று செய்திகள் வந்தன.

அதே மாதம் நாங்களும் ஒரு வீதியில்தான் நின்றோம். இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35. போரால் இடம்பெயர்ந்து, விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் நடுவில், உழவு இயந்திரப் பெட்டிக்குள் பாய், பானை, கோழிக்கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு, முன்னால் நிற்கிற பெட்டி நகர்ந்தால் நகர்வோம் என்று நின்றோம். அந்த வீதி முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆப்கானிஸ்தானில் ஜரஞ்ச் என்று ஓர் ஊர் இருப்பதோ, அங்கே ஒரு வீதி திறந்ததோ எனக்குத் தெரிய வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. ஆனால் வாசித்த அன்றைக்கே அந்த வீதியின் கதை எனக்கு விளங்கிவிட்டது. வன்னியில் இருந்த யாருக்கும் விளங்கியிருக்கும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல். கிழக்கே முல்லைத்தீவு, மேற்கே மன்னாரும் பூநகரியும், வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி. இருந்தும் 1990களிலும், பிறகு 2006க்குப் பின்னரும் வன்னி ஒரு கடலில்லா நாட்டைப் போலத்தான் சீவித்தது. எங்களுக்குக் கரை இருந்தது, துறை இல்லை. சீனி, சீமெந்து, யூரியா, மருந்து எல்லாம் தெற்கே உள்ள வாசலால் உள்ளே வரவேண்டும். அந்த வாசல் பூட்டினால் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடும். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகள் படிக்கும். யாழ்ப்பாணத்தின் கதை வேறு. வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி பூட்டியதும் அது தீவாகிவிடும், சாமான் கப்பலில் வந்தாகவேண்டும். ஒரே வீதி பூட்டுப்பட, வடக்கில் ஒரு துண்டு தீவாகவும் அடுத்த துண்டு கடலில்லா நாடாகவும் மாறிய விநோதத்தை எந்தப் புவியியல் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

சரி, ஆப்கானிஸ்தானுக்குப் போவதற்கு முன்னால், அந்தத் தெற்கு வாசலான ஓமந்தையில் கொஞ்சம் நிற்போம். அங்கே எப்படியும் நின்றுதானே போகவேண்டியிருந்தது.

வாசலில் நிற்கிற செலவு

2002 பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி, ஏப்ரலில் ஏ9 யாழ்ப்பாணம் வரைக்கும் திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதோடு மறுபடி பூட்டுப்பட்டது. இடையில் கிடைத்த நாலு வருடமும் சில மாதங்களும்தான் எங்கள் பக்கத்து லொறிக்காரர்களுக்குப் பொற்காலம். என் பெரியப்பாவும் அந்தக் காலத்தில் லொறி ஓட்டினார். போகும்போது நெல்லும் கச்சானும், வரும்போது மாவும் சீனியும்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். நல்ல றோட்டில் ஒன்றரை மணித்தியாலம். பெரியப்பா விடியற்காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வந்து சேருவார், சில நாள் அடுத்த நாள். ஓமந்தையில் ஒரு பக்கத்துச் சாவடியில் சோதனை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத சூனியப் பிரதேசம். அது கடந்தால் அடுத்த பக்கத்துச் சாவடியில் வரி. மூட்டைகளை இறக்கி, பார்த்து, எண்ணி, மறுபடி ஏற்றவேண்டும். இறக்கக் கூலி, ஏற்றக் கூலி. பெரியப்பா சொல்லுவார்: "ஓமந்தை மட்டும்தான் தம்பி லொறி ஓடும். அங்காலை நாங்கள்தான் ஓடோணும்." துண்டுக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு மேசை ஓடியதைத்தான் சொன்னார்.

கடலில்லா நாடுகளின் வணிகத்தைப் பற்றி எழுதப்பட்ட கனமான அறிக்கைகளைப் பிற்காலத்தில் வாசித்தபோது, அவற்றில் பாதி பெரியப்பாவின் இந்த ஒரு வசனத்துக்கான விரிவுரை என்றே எனக்குப் பட்டது. தூரத்துக்கு எரியும் டீசலைக் கணக்குப் பார்த்துவிடலாம். காத்திருப்பைப் பார்க்க முடியாது. லொறி இரண்டு நாள் வரிசையில் நின்றால் ஓட்டுநருக்குச் சம்பளம், உதவியாளுக்குச் சாப்பாடு, லொறிக்கு எடுத்த லீசிங் தவணை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் கொள்கலன் எடுக்கப்படாமல் கிடந்தால் நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏறும். அதைவிட மோசம், எப்போது வரும் என்று சொல்ல முடியாமை. எப்போது வரும் என்று தெரியாத கடைக்காரன் மூன்று மாதச் சாமானை முன்கூட்டியே வாங்கி அடுக்குவான், அதற்கு வட்டிக்குக் காசெடுப்பான். அந்த வட்டியும் கடைசியில் ஒரு கிலோ சீனியின் விலையில் வந்து நிற்கும். முல்லைத்தீவு மீனுக்கு இன்னும் கஷ்டம். ஐஸ் உருகுகிற வேகத்துக்கு எந்தச் சாவடியும் வேலை செய்யாது.

உலகத்தில் கடலில்லாத வளரும் நாடுகள் என்று ஐ.நா. 32 நாடுகளைப் பட்டியலிடுகிறது. நேபாளம், லாவோஸ், எத்தியோப்பியா, உகாண்டா, பொலிவியா எல்லாம் அதற்குள் வரும். உஸ்பெகிஸ்தானின் நிலை இன்னும் விசேஷம்: அதைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளுக்கும்கூடக் கடல் வாசல் கிடையாது. அங்கிருந்து பருத்தி கப்பலேற வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு எல்லை தாண்டவேண்டும்.

இந்த நாடுகளுக்குச் சட்டப்படி உரிமை இல்லாமல் இல்லை. 1982ஆம் ஆண்டின் கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை அவற்றுக்குக் கடலுக்குப் போகவும் வரவும் உரிமை உண்டு, இடையில் உள்ள நாட்டின் நிலத்தால் கடந்து செல்லும் சுதந்திரம் உண்டு என்று 125ஆவது உறுப்புரையில் சொல்கிறது. கடந்து செல்லும் சரக்குக்குச் சுங்கத் தீர்வை அறவிடக் கூடாது என்கிறது 127ஆவது உறுப்புரை. அந்த உடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க. எங்கள் நாட்டுக்காரர் ஒருவர் தலைமையில் கடலில்லா நாடுகளுக்கு வழி பேசப்பட்டது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் அதே 125ஆவது உறுப்புரையின் அடுத்த வரிகளைப் படித்தால் பெருமூச்சு வரும். எந்த வழியால், என்ன நிபந்தனையில் என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். கூடவே, தன் நியாயமான நலன்கள் பாதிக்கப்படாதபடி பார்த்துக்கொள்ளத் தேவையான நடவடிக்கைகளை எடுக்க இடைநாட்டுக்கு உரிமை உண்டு. உரிமை உங்களுடையது, திறப்பு அவர்களிடம். வாசலில் நிற்கிற அதிகாரி எந்த நாட்டிலும் இந்த இரண்டாவது வரியைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்.

இடைநாட்டின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தீர்வை இல்லாமல் கடந்து போவதாகச் சொல்லி வருகிற தேயிலையும் தொலைக்காட்சிப் பெட்டியும் வழியிலேயே இறங்கி உள்ளூர்ச் சந்தையில் விற்கப்பட்டால் அந்த நாட்டின் வரி வருமானமும் போகும், உள்ளூர் உற்பத்தியாளரும் நட்டப்படுவார். ஆப்கானிஸ்தானுக்கென்று கராச்சியில் இறங்கிய சாமான் எல்லை தாண்டிப் போய், மலைப்பாதைகளால் திரும்பி வந்து பெஷாவர் பக்கத்துச் சந்தைகளில் விற்கப்படுகிறது என்பது பாகிஸ்தானின் பழைய முறைப்பாடு. அதில் உண்மையும் உண்டு.

இதற்கு உலகம் கண்டுபிடித்த மருந்து ஒரு சின்ன முத்திரை. டி.ஐ.ஆர். என்று சொல்லப்படும் ஏற்பாடு. இப்போது நடைமுறையில் இருக்கும் உடன்படிக்கை 1975ஆம் ஆண்டுடையது. புறப்படும் இடத்தில் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பார்த்து லொறியை மூடி முத்திரை வைப்பார்கள். சரக்கு வழியில் காணாமல் போனால் தீர்வையைக் கட்ட ஓர் உத்தரவாத அமைப்பு பின்னால் நிற்கும். இடையில் வருகிற எல்லைகளில் முத்திரை உடையாமல் இருக்கிறதா, கடதாசி சரியா என்று பார்த்தால் போதும், மூட்டையை இறக்க வேண்டியதில்லை. ஈரான் இதில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆப்கானிஸ்தான் பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி நடைமுறைப்படுத்தியது. கேட்கச் சின்ன விஷயம். ஓமந்தையில் இறக்கி ஏற்றிய ஒவ்வொரு மூட்டையையும் நினைத்தால், அந்த ஈயக் குமிழின் பெறுமதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

திராட்சை அழுகிய வருடங்கள்

ஆப்கானிஸ்தானுக்குக் கடலுக்குப் போகும் வழமையான வழி பாகிஸ்தான். கிழக்கே டோர்காம், தெற்கே சமன் என்று இரண்டு பெரிய வாசல்கள். அவற்றால் இறங்கிக் கராச்சிக்குப் போகலாம். தூரத்தைப் பார்த்தால் கந்தஹாருக்குக் கராச்சிதான் கிட்ட. வீதியும் பழகின வீதி, வியாபாரிகளும் இரண்டு பக்கமும் ஒரே பஷ்தூ பேசுகிறவர்கள். அப்படியிருக்க, பாலைவனத்தைக் கடந்து ஈரானுக்கு இன்னொரு வீதி எதற்கு?

1961க்குப் போகவேண்டும். எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழும் பஷ்தூன்களின் நிலம் யாருடையது என்ற தகராறில் அந்த வருடம் செப்டெம்பரில் இரண்டு நாடுகளும் உறவை முறித்துக்கொண்டன. எல்லை பூட்டுப்பட்டது. அது பழ அறுவடைக் காலம். ஆப்கானிஸ்தானின் ஏற்றுமதியில் திராட்சையும் மாதுளையும் உலர் பழங்களும் முக்கியமானவை; அவை எல்லையில் தேங்கிப்போயின. ஒரு பகுதியை விமானத்தில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள், ஆனால் லொறி சுமப்பதை விமானம் சுமக்குமா? அந்த வழி மறுபடி திறந்தது 1963இல், பிரதமர் தாவூத் கான் பதவி விலகி, ஈரானின் ஷா மன்னர் நடுவில் நின்று பேசிய பிறகு. இடைப்பட்ட காலத்தில் காபூல் வடக்கே சோவியத் வழியின் பக்கம் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. அதன் பலன்கள் எப்படி முடிந்தன என்பது வேறு கதை.

1965இலும் 2010இலும் இரண்டு நாடுகளும் கடப்பு வணிக ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 2010 ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருக்கிறது. ஆப்கான் லொறிகள் பாகிஸ்தானைக் கடந்து இந்திய எல்லையான வாகா வரைக்கும் பழம் கொண்டுவந்து இறக்கலாம். திரும்பும்போது இந்தியச் சாமானை ஏற்றக் கூடாது, வெறும் பெட்டியோடு போகவேண்டும். லொறித் தொழில் தெரிந்த யாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், தலையில் கை வைப்பார்கள். போகிற பயணத்தில் செலவு, வருகிற பயணத்தில் லாபம் என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வெறுமையாகத் திரும்புகிற லொறியின் டீசல் காசையும் போகும்போது ஏற்றிய திராட்சைதான் சுமக்கவேண்டும்.

சண்டை வந்தால் வாசல் பூட்டுப்படும் வழக்கமும் போகவில்லை. 2025 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டதும் டோர்காம், சமன் உட்பட எல்லைகள் வணிகத்துக்கு மூடப்பட்டன, வரிசையில் நின்ற லொறிகள் அப்படியே நின்றன. அடுத்த மாதம் தலிபான் அரசின் துணைப் பிரதமர் அப்துல் கனி பரதர், பாகிஸ்தான் வழியை விட்டு வேறு வழி பார்க்கும்படி வணிகர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

மணலில் போட்ட வீதி

அந்த வேறு வழிகளில் ஒன்றுதான் நான் தொடக்கத்தில் சொன்ன வீதி. பெயர் ரூட் 606. ஆப்கானிஸ்தானின் பெரிய ஊர்களான காபூல், கந்தஹார், ஹெராத் ஆகியவற்றை ஒரு வட்ட நெடுஞ்சாலை இணைக்கிறது. அந்த வட்டத்தில் கந்தஹாருக்கும் ஹெராத்துக்கும் இடையில் உள்ள சின்ன ஊர் டெலாராம். அங்கிருந்து பிரிந்து நிம்ரூஸ் மாகாணத் தலைநகர் ஜரஞ்ச் வரைக்கும் போகிறது 606. ஜரஞ்சைத் தாண்டினால் ஹெல்மண்ட் ஆறு, அதன்மேல் பாலம், அக்கரையில் ஈரானின் மிலாக். பிறகு ஜாபோல், ஜாஹெதான் வழியாகத் தெற்கே ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடினால் சாபஹார் துறைமுகம். ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே, ஓமான் வளைகுடாவில் நேரே பெருங்கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற துறைமுகம் அது.

2003இலேயே மூன்று நாடுகளும் இதற்கு இணங்கிவிட்டன. ஈரான் தன் பக்கத்து வீதியையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டது, ஆப்கான் சரக்குக்குத் துறைமுகக் கட்டணத்தில் பெரும் கழிவு தருவதாகச் சொன்னது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆப்கான் லொறிகள் தன் வீதிகளில் ஓட அனுமதித்தது. இந்தியாவின் பங்கு நடுத்துண்டு. இமயமலையில் வீதி போடுகிற எல்லைச் சாலைகள் அமைப்பு பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டது.

வீதி போடுவது அங்கே ஒரு போர்முனை வேலை. 2005 நவம்பரில் கேரளத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இந்தோ-திபெத்திய எல்லைப் பொலிஸ் படையைக் காவலுக்கு அனுப்பினார்கள். வேலை முடிவதற்குள் இந்தியர் சிலரும், அவர்களைவிடப் பல மடங்கு ஆப்கானியரும் தாக்குதல்களில் செத்துப்போனார்கள். வீதி எந்த நாட்டுக் காசில் வந்தாலும் அதன் ஓரத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். முகமாலையில் போர் முடிந்து இத்தனை வருடங்களாகக் கண்ணிவெடி கிண்டிக்கொண்டிருக்கிறவர்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் பெடியன்களும்தானே.

இயற்கையும் சும்மா விடவில்லை. சிஸ்தான் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். கோடை முழுக்க அங்கே ஒரு காற்று வீசும். உள்ளூரில் அதற்கு '120 நாள் காற்று' என்றே பெயர். மே மாத முடிவில் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் மணலை அள்ளி வீதியில் கொட்டும். எங்கள் சோளகக் காற்றை நாலால் பெருக்கி, ஈரப்பதத்தைக் கழித்துவிட்டால் ஓரளவு ஊகிக்கலாம். முன்பு அரை நாள் எடுத்த மண் தடம், தார் போட்ட பிறகு இரண்டு மூன்று மணித்தியாலமாகக் குறைந்தது. ஆனால் மணலை விலக்க ஆள் வேண்டும், பாலம் உடைந்தால் கட்ட ஆள் வேண்டும், இரவில் ஓட்டப் பயமில்லாமல் இருக்கவேண்டும். நாடா வெட்டுகிற நாளில் யாரும் பேசாத செலவுகள் இவை.

வீதி திறந்து எட்டு வருடத்துக்கு மேலாகப் பெரிய கடல் வணிகம் எதுவும் அதில் ஓடவில்லை. துறைமுகம் தயாரில்லை, ஈரான்மீது தடைகள் வேறு. 2016 மே மாதம் தெஹ்ரானில் இந்தியப் பிரதமர் மோடி, ஈரான் ஜனாதிபதி ரூஹானி, ஆப்கான் ஜனாதிபதி அஷ்ரப் கனி மூவரும் முன்னிற்க முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017 ஒக்டோபர் பிற்பகுதியில் குஜராத்தின் கண்ட்லாவிலிருந்து கோதுமையோடு கப்பல் புறப்பட்டு, சாபஹாரில் இறங்கி, லொறிகளில் ஜரஞ்சுக்குப் போனது. இந்தியா கொடுப்பதாகச் சொன்ன 11 இலட்சம் தொன் கோதுமையின் ஒரு பகுதி அது. 2018 டிசம்பரில் சாபஹாரின் ஷாஹித் பெஹெஷ்டி முனையத்தின் இயக்கத்தை ஓர் இந்திய நிறுவனம் பொறுப்பெடுத்தது.

மறுதிசையில் முதல் ஏற்றுமதி 2019 பெப்ரவரியில் போனது. 23 லொறிகளில் 57 தொன் சரக்கு: உலர் பழம், துணி, கம்பளம், கனிமப் பொருள். பெரிய விழா எடுத்தார்கள். நான் அந்த எண்களைக் கண்டதும் வகுத்துப் பார்த்தேன். ஒரு லொறிக்கு இரண்டரைத் தொன் வருகிறது. எங்கள் ஊரில் நெல் ஏற்றுகிற சின்ன லொறியே அதைவிடக் கூடச் சுமக்கும். கம்பளமும் உலர் பழமும் பாரமில்லாமல் இடம் பிடிக்கிற சாமான்தான், ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் அன்றைக்கு ஓடியதில் பாதி லொறி, பாதி ஊர்வலம்.

இதைச் சொல்லி அந்த வீதியை இளக்காரம் செய்வது என் நோக்கமில்லை. இந்த வகை வீதியில் எத்தனை தொன் போனது என்று மட்டும் பார்ப்பது பிழை என்றுதான் சொல்ல வருகிறேன். இரண்டாவது வாசல் ஒன்று இருந்தால் முதல் வாசலில் நிற்கிறவரின் தொனி மாறும். "உனக்கு வேறு வழி இல்லை" என்ற எண்ணத்தோடு பேசுகிற அதிகாரிக்கும், "இவன் அந்தப் பக்கத்தால் போய்விடுவான்" என்ற எண்ணத்தோடு பேசுகிற அதிகாரிக்கும் உள்ள வித்தியாசத்தை வரிசையில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

நேபாளம் இதற்கு நல்ல உதாரணம். 2015 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்ததைத் தொடர்ந்து இந்திய எல்லை வாசல்கள் முடங்கின. முக்கிய வாசலான பிர்கஞ்ச் 2016 பெப்ரவரி வரை அடைபட்டுக் கிடந்தது. காத்மண்டுவில் சமையல் எரிவாயு இல்லை, பெற்றோல் வரிசை தெருத்தெருவாக நீண்டது. எங்களுக்குப் பழகிய காட்சி. அடுத்த மாதமே நேபாளம் சீனாவோடு கடப்பு ஒப்பந்தம் எழுதியது, பிறகு நாலு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் உரிமையும் வாங்கியது. அந்தத் துறைமுகங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. கொல்கத்தாவோடு போட்டி போடவே முடியாது. அது காத்மண்டுவுக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினார்கள்.

எத்தியோப்பியா 1993இல் எரித்திரியா பிரிந்தபோது கரையை இழந்தது, 1998இல் தொடங்கிய போரோடு அஸ்ஸப் துறைமுகத்தையும் இழந்து, கடல் வணிகத்தின் மிகப் பெரும் பங்கை ஜிபூட்டி என்ற ஒரே வாசலில் கொண்டுபோய் வைத்தது. பொலிவியாவோ 19ஆம் நூற்றாண்டின் போரில் சிலியிடம் கரையைப் பறிகொடுத்ததை இன்றும் மறக்கவில்லை. கடல் இல்லாமலே கடற்படை வைத்திருக்கிறது, மார்ச் 23இல் கடல் தினம் கொண்டாடுகிறது. 2018இல் சர்வதேச நீதிமன்றம், பேச்சுவார்த்தைக்கு வரவேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

இரண்டாவது வாசலும் ஒரு வாசல்தான் என்பதை 606 முடிகிற இடத்தில் ஓடுகிற ஆறே காட்டிக்கொடுக்கிறது. ஹெல்மண்ட் ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரானின் ஹாமூன் ஏரிகளில் முடிகிறது. எவ்வளவு தண்ணீர் கீழே விடுவது என்று 1973இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள், சண்டை மட்டும் தீரவில்லை. 2021இல் ஆப்கானிஸ்தான் நிம்ரூசில் கமால் கான் அணையைத் திறந்தது. 2023 மே மாதம் தண்ணீர்த் தகராறு சூடேறியிருந்தபோது எல்லைக் காவலர்கள் சுட்டுக்கொண்டார்கள், மிலாக் வாசலும் தற்காலிகமாக மூடப்பட்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்று கிளிநொச்சி விவசாயிகள் எழுப்பிய குரலைக் கேட்டவர்களுக்கு, மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே அது கூட்டத்தோடும் மகஜரோடும் நின்றது.

அதற்கு மேல் வாஷிங்டன். ஆப்கானிஸ்தானின் மீளமைப்புக்கு உதவும் என்ற காரணத்தில் 2018இல் அமெரிக்கா சாபஹாருக்குத் தன் தடைகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி தலிபான் கைப்பற்றிய முதல் மாகாணத் தலைநகரம் ஜரஞ்ச். வீதி போட்டவர்கள் ஒரு பக்கம், அதன் இரு முனைகளையும் பிடித்தவர்கள் வேறு பக்கம் என்றாகிவிட்டது. இருந்தும் இந்தியா 2024 மே மாதம் துறைமுகத்தைப் பத்து வருடம் நடத்த ஈரானோடு ஒப்பந்தம் செய்தது. 2025 செப்டெம்பரில் அமெரிக்கா அந்த விலக்கை நீக்கியது, பிறகு ஆறு மாதத்துக்கு நீட்டியது. வீதி இருக்கிறது, பாலம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. பணம் அனுப்ப வங்கி துணியாவிட்டால், கப்பலுக்குக் காப்புறுதி கொடுக்க ஆளில்லாவிட்டால், இவ்வளவும் இருந்து என்ன?

எங்கள் துறை எங்கே

இப்போது வன்னிக்கு வாசல் பூட்டு இல்லை. ஆனால் எங்கள் நெல்லும் நண்டும் கச்சானும் வெளிநாடு போகவேண்டுமானால் இன்றைக்கும் தெற்கே கொழும்புத் துறைமுகத்துக்குத்தான் போகின்றன. கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். காங்கேசன்துறை அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை; முல்லைத்தீவுக் கடல் இன்னும் கிட்ட. ஏன் அங்கே கப்பல் வருவதில்லை என்று பெடியன்கள் கேட்கிறார்கள்.

முதல் காரணம் கடலடி. பாக்குநீரிணை ஆழமில்லாதது, இராமர் பாலம் என்கிற மணல் திட்டுகளைப் பெரிய கப்பல் கடக்க முடியாது. கால்வாய் வெட்டுவதாக 2005இல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் பாதியில் நின்றது. முல்லைத்தீவில் ஆழ்கடல் இருக்கிறது, ஆனால் அலையிலிருந்து கப்பலைக் காக்க ஒரு குடா இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் இழுப்பதே பெரும்பாடு. இரண்டாவது காரணம் கணக்கு. கொள்கலன் கப்பல் நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. சரக்குக் குவிகிற இடத்தில் கப்பல் நிற்கும், கப்பல் நிற்கிற இடத்தில் சரக்குக் குவியும். நூறு கொள்கலனுக்காக அது வடக்கே திரும்பாது.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, செட்டிகுளம், மடு றோட், முருங்கன் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் கடந்து, அக்கரையில் மறுபடி ரயில். வன்னியின் விளிம்பில் ஓடிய அந்த வழியால்தான் எத்தனையோ பேரும் சாமானும் வந்து போயின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடிய கப்பலையும் 1980களில் போர் நிறுத்தியது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் மீண்டது, கப்பல் மீளவில்லை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. பெட்டிபடுக்கையோடு ஆட்கள் வருகிறார்கள். நெல் மூட்டை அதில் ஏறாது.

ஓமந்தைச் சாவடியை 2015இல் எடுத்துவிட்டார்கள். லொறிகள் இப்போது அங்கே வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கத்தான் நிற்கின்றன. பெரியப்பா லொறியை விற்றுப் பல வருடம். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக என்னோடு பஸ்ஸில் வருவார். புளியங்குளம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வருகிற மனிதர், ஓமந்தை நெருங்கினால் பேச்சை விட்டுவிடுவார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க.